சில்லறைத் தொல்லைகள்: ஜெர்மனியில் குடியமர்ந்தவரின் அன்றாடம்

வெளிநாட்டு வாழ்க்கையின் கஷ்டம் என்றதும் பெரிய விஷயங்கள்தான் நினைவுக்கு வரும்: பிரிவு, தனிமை, நிறவெறி, அப்பாவின் சாவுக்குப் போக முடியாமல் போனது. இவற்றைப் பற்றித் தமிழில் கதைகளும் கவிதைகளும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. குப்பைத்தொட்டியைப் பற்றி எழுதியவர் குறைவு. ஆனால் ஜெர்மனிக்குப் போய்க் குடியமர்ந்த யாருடனாவது அரை மணி நேரம் உட்கார்ந்தால், பேச்சு எதில் தொடங்கினாலும் வந்து நிற்கும் இடங்கள் இவைதான்: எந்தத் தொட்டியில் எதைப் போடுவது, கீழ்வீட்டுக்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு, வராத கடிதம், கிடைக்காத தெர்மின். அலுவலகத்திலோ மருத்துவரிடமோ முன்கூட்டி வாங்கும் நேரத்துக்கு அங்குள்ள தமிழர்கள் தெர்மின் என்றே சொல்கிறார்கள். அது இல்லாமல் அவர்கள் பேச்சு ஒரு நாள் ஓடாது.

இவ்வளவு சின்ன விஷயங்களுக்கு ஓர் ஆய்வா என்று கேட்பவர்களுக்கு உளவியலில் பழைய பதில் ஒன்று உண்டு. 1981இல் ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் உள்ளிட்ட நால்வர் அமெரிக்காவில் நடுத்தர வயதினர் 100 பேரை மாதக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தார்கள். மரணம், மணமுறிவு, வேலையிழப்பு போன்ற பெரிய அடிகளைவிட அன்றாட எரிச்சல்களின் கூட்டுத்தொகைதான் மனநலப் பாதிப்பின் அறிகுறிகளோடு நெருக்கமாகப் பொருந்தியது. அது குடியேறியவர்களை வைத்துச் செய்த ஆய்வல்ல. சொந்த ஊரில் இருப்பவர்களுக்கே கணக்கு அப்படி என்றால், புது நாட்டில் இருப்பவருக்கு அது கூடுமே தவிரக் குறையாது.

குடியேறியவரின் எரிச்சலுக்குக் கல்விப்புலம் வைத்திருக்கும் பெயர் பண்பாட்டு அதிர்ச்சி. மானிடவியலாளர் காலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதிய கட்டுரை வழியாக அது பரவியது. அதற்கு முன்பே 1955இல் நார்வேயின் ஸ்வெர்ரே லூஸ்கோர், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய தம் நாட்டவர் இருநூறு பேரிடம் விசாரித்து ஒரு வளைகோட்டுக்கு வழி செய்தார்: போன புதிதில் உற்சாகம், ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை சரிவு, பிறகு ஏற்றம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளின் பயிற்சி வகுப்புகளில் இன்றைக்கும் இந்தக் கோட்டைக் காட்டித்தான் தைரியம் சொல்கிறார்கள். 1998இல் கொலீன் வார்டும் சகாக்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்து இறங்கியதிலிருந்தே கவனித்தபோது அந்தத் தொடக்க உற்சாகம் தென்படவே இல்லை. அல்லல் உச்சத்தில் இருந்தது முதல் நாட்களில்தான்.

எனக்கு வார்ட் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இரு தரப்பும் வந்தவரின் மனத்துக்குள்ளேயே தேடுகின்றன. வரி எண் வராததால் சம்பளத்தில் பெரிய துண்டு பிடிபட்டவருக்கு ஏற்படும் அதிர்ச்சியில் பண்பாடு எங்கே இருக்கிறது? ஜெர்மனியின் விதிகளில் அநேகம், ஒருவர் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, முகவரியும் வங்கிக் கணக்கும் ஜாமீனுக்கு ஆளும் உடையவராகத்தான் இருப்பார் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. அந்த நினைப்புக்கும் விமான நிலையத்தில் இரண்டு பெட்டியோடு நிற்பவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் தினம் ஒரு சின்னத் தொல்லையாக அவர் தாண்டுகிறார்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட இண்டர்நேஷன்ஸ் அமைப்பு, வெளிநாட்டில் வாழ்பவர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்டு நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2023இல் 53 நாடுகளில் ஜெர்மனிக்கு 49ஆம் இடம். வீடு, மொழி, அரசு அலுவலகம், இணையச் சேவை ஆகிய அடிப்படை வசதிகளில் அதற்கு மதிப்பெண் மிக மோசம். இந்த வகைக் கருத்துக்கணிப்பில் விருப்பப்பட்டவர்தான் பதில் சொல்கிறார் என்பதால் இடத்தை எண்ணிப் பார்ப்பதில் பெரிய பொருள் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. இதே நாடுதான் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறது. 2024 அக்டோபரில் இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே அங்கே இந்தியக் குடிமக்கள் இரண்டரை லட்சத்தை நெருங்கியிருந்தார்கள்.

வந்தவர் முதலில் சந்திப்பது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்கிறது சட்டம். 2015 நவம்பரிலிருந்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். வீடு பிடிக்கச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், கூடவே சூஃபாவின் அறிக்கையும். சூஃபா என்பது 1927இல் பெர்லினில் தொடங்கிய கடன்நம்பகப் பதிவகம். நேற்று வந்தவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம், அதை வங்கியிலிருந்து அனுப்ப வேண்டும், வங்கிக் கணக்குக்குப் பதிந்த முகவரி கேட்பார்கள். பதிந்தால்தான் பதினோரு இலக்க வரி எண் வரும், அதுவும் தபாலில். எண் வந்து சேராமலே நாள் போனால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி பெரிய பிடித்தம் நடக்கலாம். பிற்பாடு திரும்பக் கிடைத்துவிடும், ஆனால் கையில் காசில்லாத தொடக்க காலத்தில்தான் அது பிடிபடுகிறது. ஒன்றை வாங்க இன்னொன்று வேண்டும், அதை வாங்க முதலாவது வேண்டும். இதில் எந்த ஒரு விதியும் தனியே பார்த்தால் அநியாயமானதல்ல. ஒவ்வொரு மேசைக்காரரும் தன் மேசையில் சரியாகவே நடந்துகொள்கிறார். மேசைகளுக்கு நடுவே ஓடுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். இவற்றையெல்லாம் இணையத்துக்குக் கொண்டுவர 2017இல் ஒரு சட்டம் போட்டு, 575 சேவைகளுக்கு 2022 இறுதி என்று கெடு வைத்தார்கள். கெடு போனது, சேவைகளில் பெரும்பகுதி வரவில்லை.

தபாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மன் அடுக்ககங்களில் பெரும்பாலும் வீட்டுக்கு எண் கிடையாது. இன்ன தெரு, இன்ன கட்டடம், அதற்குள் அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயர்தான் முகவரி. பெயர் பொருந்தாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாமே இப்படித் தனித்தனி உறையில் வருபவை. இங்கேதான் தமிழ்ப்பெயர் வந்து இடிக்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். பாஸ்போர்ட்டில் ஒருவருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இன்னொருவருக்கு அப்பா பெயர் அதில் ஏறியிருக்கும், மூன்றாமவருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மன் கணினிக்கு இரண்டு கட்டமும் நிரம்பியாக வேண்டும். ஒரு அலுவலகம் இருக்கிற ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயரில் போட்டு முதற்பெயரில் ஒரு கோடு இழுக்கும், அடுத்தது இரண்டிலும் அதே பெயரைப் போடும், வங்கி ஒன்றையும் ஏற்காமல் திருப்பி அனுப்பும். தபால்பெட்டியில் மூன்று பெயர்களையும் ஒட்டிவைப்பதுதான் அனுபவசாலிகள் கண்ட வழி. பார்க்கிறவர் உள்ளே மூன்று குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

பெயர்ச் சிக்கல் முதல் வருடத்தோடு ஓய்வதுமில்லை. மருத்துவரின் காத்திருப்பு அறையில் வரவேற்பாளர் கூப்பிடுவது முப்பது வயதுப் பையனின் அப்பா பெயரை, அதுவும் 'திரு' போட்டு. திருவாரூரில் இருக்கும் அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் ஒரு கணம் சும்மா இருந்துவிடுகிறான். கணவனுக்கு ஒரு குடும்பப்பெயர், மனைவிக்கு வேறு, குழந்தைக்கு எது என்று பதிவாளர் கேட்கிறார். குழந்தை பிறப்பைப் பதியப் பெற்றோரின் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் வேண்டும். இந்தியா 2005இல் சர்வதேச அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்தியாவில் வாங்கும் அப்போஸ்டில் முத்திரை அங்கே செல்லாது. சந்தேகம் வந்தால் தூதரகம் வழியே ஊருக்கு ஆள் அனுப்பிச் சான்றைச் சரிபார்ப்பார்கள், மாதங்கள் ஓடும். அதுவரை குழந்தையின் பதிவில், பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு குறிப்பு ஏறிவிடும். பக்கத்துப் படுக்கையில் பிறந்த ஜெர்மன் குழந்தைக்கு அந்த வாரமே சான்று கிடைத்திருக்கும். இதைச் சில்லறைத் தொல்லை என்று எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனாலும் இது தொடங்குவது ஒரு படிவத்தின் காலிக்கட்டத்தில்தான்.

அடுத்தது வெளிநாட்டவர் அலுவலகம். வதிவிட அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பித்தும் தெர்மின் கிடைக்காதவருக்கு இடைக்காலமாக ஒரு பச்சைத் தாள் தருவார்கள். அதன் மூன்றாம் பக்கத்தில் சில கட்டங்கள் இருக்கும். எதில் குறி போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஊருக்குப் போனவர் திரும்பி உள்ளே வர முடியுமா முடியாதா என்பது முடிவாகும். பழைய அனுமதி தொடர்வதாகக் குறித்திருந்தால் வரலாம். தங்கியிருப்பது மட்டும் அனுமதிக்கப்பட்டதாகக் குறித்திருந்தால் திரும்பிவர முடியாது. தாளை வாங்கும்போது யாரும் இதை விளக்குவதில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இரவில் தொலைபேசி வந்தபிறகுதான் பலர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். முதல் வரியில் சொன்ன பெரிய கஷ்டம், அப்பாவின் சாவுக்குப் போக முடியாமல் போவது, பல நேரம் இப்படி ஒரு பேனாக்குறியில்தான் வந்து நிற்கிறது.

காகிதம் ஒருவாறு அடங்கியதும் வீடு தொடங்கும். பல வாடகை வீடுகளில் அடுப்படியே இருக்காது. சுவரும் குழாய் முனையும்தான், மேடையும் தொட்டியும் நாமே வாங்கி மாட்ட வேண்டும். மாட்டியபின் தாளிப்பு. கடுகு வெடித்துக் கறிவேப்பிலை போட்ட வாசனை மாடிப்படி வழியே நாலு வீட்டுக்குப் போகும், நாலில் ஒன்று புகார் எழுதிக் கொடுக்கும். வாசனையைவிட ஆவிதான் உண்மையான வம்பு. காற்று புகாமல் இறுக்கிக் கட்டிய வீட்டில், குளிர்காலத்தில் இட்லிப்பானை மூடியைத் திறந்தால் ஆவி முழுக்க ஜன்னல் ஓரச் சுவரில் போய் உட்கார்ந்து பூஞ்சணமாகிறது. தினம் இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து காற்றாட விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், வெளியே பனி கொட்டினாலும். விட்டதற்குச் சாட்சி கிடையாது. காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பதற்குப் பூஞ்சணத்தைப் போல வசதியான காரணம் வீட்டுக்காரருக்கு வேறில்லை.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி என்பது சட்டம். மதியம் 1 முதல் 3 வரை என்று பல கட்டடங்களின் உள்விதி. ஞாயிறு முழு நாளும். சனிக்கிழமை ஊறவைத்த உளுந்தை ஞாயிறு மதியம் கிரைண்டரில் போட்டவர்களுக்குத் தெரியும். ஸ்டுட்கார்ட் பக்கம் இன்னொன்று: மாடிப்படி பெருக்கும் முறை இந்த வாரம் யாருக்கு என்று ஒரு சின்னப் பலகை கதவுக்குக் கதவு மாறித் தொங்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பைத் திட்டாத புதியவர் இல்லை. பால் தீர்ந்தால் ரயில் நிலையத்துக்கோ பெட்ரோல் பங்குக்கோ ஓட வேண்டும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919இன் வைமர் அரசமைப்பிலிருந்து இன்றைய அரசமைப்பின் 140ஆவது பிரிவு வழியாகத் தொடர்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் முடிவெடுத்தபோது 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் ஜெர்மன்காரர்கள் பக்கம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர் உட்காரலாம் என்று சொல்வதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. வாங்குகிறவரின் வசதியை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு விற்கிறவரின் ஓய்வு எரிச்சலாகத்தான் தெரியும். ஆகக் குறைகளில் எல்லாம் ஒரே எடையில்லை. சிலது பழக்கத்தின் முனகல், பழகினால் போய்விடும். பெயரும் பச்சைத் தாளும் அப்படிப் போவதில்லை.

ஓட்டுநர் உரிமமும் போகாத வகைதான். இந்திய, இலங்கை உரிமங்கள் குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும். பிறகு இருபது வருடம் லாரி ஓட்டியவரானாலும் எழுத்துத்தேர்வும் சாலைத்தேர்வும் மறுபடி. எழுத்துத்தேர்வை ஆங்கிலம், துருக்கி, அரபு உட்பட 12 அந்நிய மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை. செலவு பல நூறு யூரோ, தடுமாறினால் ஆயிரங்கள். ஜப்பான்காரரும் தென்கொரியரும் இந்தத் தேர்வுகள் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரியவரும்போதுதான் கோபம் வரும்.

ரயில் விஷயத்தில் மட்டும் புதியவர் தனியாள் இல்லை. 2024இல் ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது தாமதக் கணக்கிலேயே சேராது, ரத்தான வண்டி இந்தக் கணக்கில் வராது. நடைமேடையில் அந்நியரும் உள்ளூர்க்காரரும் ஒரே வேகத்தில் திட்டுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஜெர்மன்காரர் தானாக முன்வந்து பேசுவது அநேகமாக அப்போது மட்டும்தான்.

இவ்வளவும் சொல்பவர் யார் என்பதும் கேள்விதான். இன்றைக்குப் பேசுபவர்கள் பெரும்பாலும் 2010க்குப் பின் வந்த தமிழ்நாட்டு மென்பொருள்காரர்கள். அவர்களுக்கு முப்பது வருடம் முன்பே ஈழத்தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டார்கள். 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைக்கும்வரை அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு வேலை செய்யத் தடை இருந்தது, பதிந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி வேண்டும். அடுத்த ஊரில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போய் ரயிலில் பிடிபட்டால் அபராதம். அந்தத் தலைமுறை அதிகம் குறை சொல்லவில்லை. தஞ்சம் தந்த நாட்டைக் குறை சொல்வது நன்றி கெட்டத்தனம் என்ற எண்ணமும், சொன்னால் விண்ணப்பத்தைப் பாதிக்குமோ என்ற பயமும் இருந்தன. அரசாங்கக் கடிதம் வந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். பத்து வயதில் வெளியேற்ற எச்சரிக்கையை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளைகள் அவர்கள். 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது அந்தச் சமூகம் காலூன்றிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு நடுவே எத்தனை படிவம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு வழக்கறிஞராகவும் நகராட்சி அதிகாரியாகவும் இருக்கிறார்கள், குறைகளை ஜெர்மனில் சத்தமாகச் சொல்கிறார்கள். மென்பொருள்காரருக்கும் தயக்கமில்லை; வரி கட்டுகிறேன், கேட்பேன் என்கிறார். இதைத் திமிர் என்று பார்க்கும் பழைய தலைமுறைத் தமிழரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டதால்தான் சிலது மாறியிருக்கின்றன. ஜிம் போன்ற ஒப்பந்தங்கள் கேட்காமலே இன்னொரு வருடம் நீளும் வழக்கம் 2022 மார்ச்சில் புதிய ஒப்பந்தங்களுக்கு முடிவுக்கு வந்தது. அதற்குக் குரல் கொடுத்தது ஜெர்மன் நுகர்வோர் சங்கங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குரிமை உள்ளவரின் தொல்லை முதலில் தீர்கிறது. குடியுரிமைக்கான காத்திருப்பை 2024 ஜூனில் எட்டிலிருந்து ஐந்து வருடமாகக் குறைத்தார்கள், பழைய குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் நம்மவருக்கு அந்தச் சலுகையில் பாதிதான். ஜெர்மன் குடிமகன் ஆகிறவர் எது தன் குடும்பப்பெயர், எது முதற்பெயர் என்று ஒருமுறை அறிவித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பெயர்த் தொல்லைக்கு மருந்து இருக்கிறது, ஐந்து வருடம் கழித்துக் கொடுக்கிறார்கள்.

விசாவைத் தருவது பெர்லினின் வெளியுறவு அமைச்சகம். வந்தபின் அனுமதியை நீட்டிப்பதும் முகவரி பதிவதும் நகராட்சிகளும் மாவட்டங்களும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அலுவலகங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி ஆள்கணக்கு, பல இடங்களில் தனித்தனிக் கணினி. 90,000 என்று அறிவிப்பவரும் அந்த 90,000 பேருக்குத் தெர்மின் கொடுக்க வேண்டியவரும் வேறு வேறு. கூப்பிடுவதற்கான பணம் கூட்டாட்சி அரசிடம் இருக்கிறது, மேசைக்கு ஆள் போடும் செலவு பெரும்பாலும் நகராட்சியின் தலையில் விழுகிறது. அந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் டெல்லித் தூதரகத்தில் மட்டும் வேகம் கூட்டினால், வரிசை அங்கிருந்து கிளம்பி ஃபிராங்ஃபர்ட்டிலோ ஸ்டுட்கார்ட்டிலோ நகராட்சி வாசலில் வந்து நிற்கும்.